யாருடைய மூக்கு அளவுகோல்?

பெருங்குடிக் குப்பைமேட்டின் நாற்றம் எவ்வளவு? எப்படிப்பட்ட நாற்றம் என்று கேட்கவில்லை. எவ்வளவு? எண்ணில் சொல்லுங்கள்.

காற்றிலுள்ள நுண்துகளுக்கு எண் இருக்கிறது. வேளச்சேரியிலும் ஆலந்தூரிலும் அதை அளக்கும் நிலையங்கள் இருக்கின்றன, செல்போனிலேயே பார்க்கலாம். ஒலிபெருக்கிச் சத்தத்துக்கு டெசிபல் இருக்கிறது. குடிக்கிற தண்ணீருக்கு டி.டி.எஸ். இருக்கிறது. நாற்றத்துக்கு மட்டும் நம் ஊரில் எண் கிடையாது. புகார் கொடுத்தால் ஒரு அதிகாரி ஜீப்பில் வருவார். ஐந்து நிமிடம் நிற்பார். "இப்ப ஒண்ணும் பெருசா தெரியலையேம்மா" என்பார். போய்விடுவார். அந்த ஐந்து நிமிடத்தில் காற்று எந்தப் பக்கம் அடித்தது, அவருக்குச் சளியா, வரும் வழியில் சிகரெட் பிடித்தாரா, எதுவும் கணக்கில் வராது. அவருடைய மூக்கே சட்டம், அவருடைய மூக்கே தீர்ப்பு.

கேட்டால், "நாற்றத்தை எப்படிப்பா அளக்க முடியும்? அது ஆளுக்கு ஆள் மாறுமே" என்கிறார்கள். படித்தவர்களே சொல்கிறார்கள். இது பொய். நாற்றத்தை உலகம் பல பத்தாண்டுகளாக அளந்துகொண்டிருக்கிறது. அளப்பதற்குப் பயன்படும் கருவி வேறெதுவுமில்லை, மனித மூக்குதான். ஆனால் எந்த மூக்கையும் அப்படியே நம்புவதில்லை. முதலில் மூக்கைச் சோதிக்கிறார்கள், பிறகுதான் மூக்கு சொல்வதைக் கேட்கிறார்கள். நம் சமூகத்தில் நடப்பது தலைகீழ். இங்கே சோதிக்கப்படாத மூக்குகள் மனிதர்கள் மேல் தீர்ப்பு எழுதுகின்றன. சோதிக்கப்பட வேண்டிய காற்றை அளக்க ஆளில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

சோதிக்கப்பட்ட மூக்கு

நாற்றத்தை அளக்க ஐரோப்பாவில் ஒரு தரநிலை இருக்கிறது. ஈ.என். 13725 என்று பெயர். 2003இல் வந்தது, 2022இல் திருத்தப்பட்டது. அதன் வேலைமுறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

குப்பைமேட்டின் மேலிருந்தோ கழிவுநீர்த் தொட்டியின் மேலிருந்தோ காற்றைப் பிடித்து, தனக்கென்று வாடை இல்லாத ஒரு பிளாஸ்டிக் பையில் அடைக்கிறார்கள். 30 மணி நேரத்துக்குள் அது ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டாக வேண்டும். அங்கே ஆல்ஃபாக்டோமீட்டர் என்றொரு இயந்திரம் இருக்கும். அது மோப்பம் பிடிக்காது. பையிலுள்ள காற்றைச் சுத்தமான காற்றோடு குறிப்பிட்ட விகிதத்தில் கலந்து குழாய் வழியே விடுவது மட்டும்தான் அதன் வேலை. மோப்பம் பிடிப்பவர்கள் குழாய்க்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள். குறைந்தது நான்கு பேர்.

முதலில் மிக மிக நீர்த்த காற்று வரும். யாருக்கும் ஒன்றும் தெரியாது. அடுத்தடுத்த படிகளில் செறிவு ஏறக்குறைய இரண்டிரண்டு மடங்காகக் கூடும். வாடை தெரிந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். நடுநடுவே வெறும் காற்றையும் அனுப்புவார்கள். வெறும் காற்றுக்கும் 'நாறுகிறது' என்று அடிக்கடி பொத்தானை அழுத்துகிறவரின் பதில்கள் கணக்கிலிருந்து நீக்கப்படும்.

குழுவில் பாதிப் பேருக்கு வாடை தெரியத் தொடங்கும் புள்ளிதான் ஒரு நாற்ற அலகு. பையிலிருந்த காற்றை 1,000 மடங்கு நீர்க்கடித்த பிறகுதான் அந்தப் புள்ளி வருகிறது என்றால், அந்தக் காற்றின் நாற்றம் கன மீட்டருக்கு 1,000 அலகு. அவ்வளவுதான். எண் வந்துவிட்டது.

இந்தக் குழுவில் எப்படி இடம் பிடிப்பது? சாதிச் சான்றிதழ், படிப்பு, பரம்பரை எதுவும் கேட்கமாட்டார்கள். பியூட்டனால் என்ற ஒரு வேதிப்பொருளை முகரச் சொல்வார்கள். ஒரே நாளில் முடியாது. குறைந்தது மூன்று தனித்தனி நாட்களில், குறைந்தது பத்து முறை. நூறு கோடிப் பங்கு காற்றில் 20 முதல் 80 பங்குக்குள் பியூட்டனால் இருக்கும்போது உங்களுக்கு அது தெரியத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே இடத்தில் தெரிய வேண்டும். மூக்கு மந்தமாக இருந்தால் நீக்கம். மூக்கு அளவுக்கு மீறிக் கூர்மையாக இருந்தாலும் நீக்கம். சோதனைக்கு அரை மணி நேரம் முன்பிருந்து தண்ணீரைத் தவிர எதையும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. சிகரெட் கூடாது. சென்ட் கூடாது. சளி பிடித்திருந்தால் அன்றைக்கு விடுமுறை.

அளவுக்கு மீறிக் கூர்மையான மூக்கும் நீக்கம் என்பதை இன்னொரு முறை படியுங்கள். "எனக்கு ரொம்ப சென்சிட்டிவ் மூக்குங்க, கவிச்சி வாடையே ஆகாது" என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அவர்கள் சொல்வது உண்மையாகவே இருந்தாலும் இந்தத் தேர்வில் தோற்றுத் திரும்ப வேண்டியதுதான்.

ஜப்பானில் வேறு முறை. 1971லேயே நாற்றக் கட்டுப்பாட்டுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்த நாடு அது. அங்கே மூன்று பைகளைக் கொடுப்பார்கள். ஒன்றில் மட்டும் வாடை இருக்கும். எது என்று கண்டுபிடிக்க வேண்டும். முகர்பவர்களைத் தேர்ந்தெடுக்க ஐந்து வாடைகள் வைத்திருக்கிறார்கள். ஒன்று ரோஜாப் பூ மாதிரி, ஒன்று கருகிய சர்க்கரை மாதிரி, ஒன்று வியர்வை ஊறிய காலுறை மாதிரி, ஒன்று பழுத்த பழம் மாதிரி, ஒன்று மலம் மாதிரி. ஐந்தையும் முகர வேண்டும். ரோஜாவை மட்டும் முகர்வேன், மலத்தை முகரமாட்டேன் என்பவருக்கு அங்கே வேலையில்லை.

சோதிக்கப்படாத மூக்கு

இப்போது இந்த விதிகளை நம் ஊர் மூக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நான் பம்மலில் வளர்ந்தவன். அப்பா நாகல்கேணிப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்தார். தோலிலிருந்து முடியைக் கழற்ற சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போட்டு ஊறவைக்கும் இடம் அது. ஆறாம் வகுப்பில் ஒரு ஆசிரியை என்னை ஜன்னலோரமாக உட்காரச் சொன்னார். "தோல் கம்பெனி வாடை வருது" என்பது காரணம். அன்றுவரை நான் அந்தக் கம்பெனி வாசலைக்கூட மிதித்ததில்லை. காலையில் குளித்து, துவைத்த சட்டை போட்டு வந்த பையன். என் பக்கத்து பெஞ்சில் இருந்தவனின் அப்பாவும் தோல் வியாபாரத்தில்தான் இருந்தார், முதலாளியாக. அவனிடமிருந்து எந்த வாடையும் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே இருந்த தெருவின் பெயர்தான் ஆசிரியைக்கு நாறியது.

பின்னாளில் வேதியியல் படித்து, தண்ணீர் பரிசோதிக்கும் ஒரு ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சேலையூரில் வீடு தேடினேன். மூன்று வீடுகளில் ஒரே கேள்வி: "நான்வெஜ் சமைப்பீங்களா?" ஒரு வீட்டம்மா பக்குவமாகச் சொன்னார்: "தப்பா நினைச்சுக்காதீங்க தம்பி, எங்களுக்கு அந்த ஸ்மெல் ஒத்துக்காது." வீடு காலியாக இருந்தது. அடுப்பு பற்றவைக்கவே இல்லை. சமைக்காத கறியின் வாடை அவருக்கு அதற்குள் வந்துவிட்டது. ஆய்வகத்தில் இதற்குப் பெயர் வெறும் காற்றுக்குப் பொத்தானை அழுத்துவது.

தனிமனிதர்கள் மட்டும் இப்படியா? 2014இல் சென்னையில் 'தி இந்து' ஆங்கில நாளிதழின் அலுவலகம், ஊழியர் உணவகத்துக்கு அசைவம் கொண்டுவரக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டியது. பெரும்பான்மையான சைவ ஊழியர்களுக்குச் சங்கடமாக இருக்கிறது என்பது காரணம். 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. வளாக உணவகம் ஒன்றில் சைவத்துக்குத் தனி வாசல், தனிக் கைகழுவும் இடம் என்று எழுதி ஒட்டினார்கள். அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்து மாணவர்கள் அதை வெளியே கொண்டுவந்த பிறகு சுவரொட்டி இறங்கியது. நாட்டிலேயே சிறந்த ஆய்வுக்கூடங்கள் இருக்கிற வளாகத்தில், கை கழுவும் தண்ணீருக்குக்கூடத் தீட்டு பார்த்தார்கள்.

அறிவியல் நாற்றத்தைத் தனித்தனிக் கேள்விகளாகப் பிரித்துக் கேட்கிறது. இருக்கிறதா இல்லையா? எவ்வளவு அடர்த்தி? எவ்வளவு காட்டம்? எதைப் போன்ற வாடை? பிடிக்கிறதா, பிடிக்கவில்லையா? கடைசிக் கேள்விக்கு ஜெர்மானிய முறையில் தனியாக ஒரு அளவுகோலே இருக்கிறது. கொஞ்சமும் பிடிக்காததற்கு கழித்தல் 4, மிகவும் பிடித்ததற்கு கூட்டல் 4. கருவாட்டுக் குழம்புக் காற்றையும் நெய் காய்ச்சும் காற்றையும் பையில் பிடித்துப் போனால் இரண்டுக்கும் ஒரே நாற்ற அலகு வரக்கூடும். பிடிப்பது பிடிக்காதது அவரவர் வளர்ந்த வீட்டைப் பொறுத்தது. அதை அளவோடு யாரும் குழப்பிக்கொள்வதில்லை.

சாதி இந்தக் குழப்பத்தில்தான் பிழைக்கிறது. 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பதை 'நீ நாறுகிறாய்' என்று மாற்றிச் சொல்கிறது. தன் பழக்கத்தைப் பொது அளவுகோலாக்குகிறது. நம் மொழியில் நடந்ததையே பாருங்கள். வள்ளுவர் ஐம்புலன்களை அடுக்கும்போது நாற்றத்தையும் ஒன்றாக வைக்கிறார். அங்கே அதற்கு முகர்ந்தறியும் புலனுணர்வு என்று மட்டும்தான் பொருள். பழைய தமிழில் பூவுக்கும் நாற்றம் உண்டு. அந்தச் சொல் இன்று வசையாகிவிட்டது.

நாற்றம் எங்கே கொட்டப்படுகிறது?

தென்சென்னைப் புறநகரின் வரைபடத்தை விரித்துக்கொள்ளுங்கள்.

குரோம்பேட்டை. ஊர்ப் பெயரிலேயே ஒரு உலோகம் இருக்கிறது. அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனியால் வந்த பெயர். அதையொட்டி நாகல்கேணி, பம்மல், பல்லாவரம் என்று தோல் பதனிடும் பட்டறைகள் பரவின. மேற்குத் தாம்பரத்தில் கன்னடபாளையம் குப்பைக்கிடங்கு. சிட்லபாக்கம் ஏரிக்கரையில் கொட்டிய குப்பை. பல்லாவரம் பெரிய ஏரியில் கொட்டிய குப்பை. பிறகு பல்லாவரம், தாம்பரம் நகராட்சிகளின் குப்பை லாரிகள் வேங்கடமங்கலம் என்ற கிராமத்துக்குத் திருப்பப்பட்டன. அந்த ஊர் மக்கள் லாரிகளை மறித்துப் போராடினார்கள். 2021இல் தாம்பரம் மாநகராட்சி ஆனது. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாயின. ஊர் பெரிதாகும்போது குப்பையும் பெரிதாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கிழக்கே வந்தால் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். அதன் வடபகுதியில் 1980களிலிருந்து மாநகராட்சி கொட்டிவரும் பெருங்குடிக் குப்பைமேடு. 2022 ஏப்ரலில் அந்த மேடு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. அதே ஆண்டில்தான் அதே சதுப்பு நிலம் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

இந்தச் சதுப்பு நிலத்தைச் சுற்றி அரசு யாரைக் கொண்டுவந்து குடிவைத்தது? 2000ஆம் ஆண்டிலிருந்து கண்ணகி நகர். பிறகு செம்மஞ்சேரி. பிறகு பெரும்பாக்கம். கூவம் கரையிலிருந்தும் அடையாற்றங்கரையிலிருந்தும், 2015 வெள்ளத்துக்குப் பிறகு 'ஆக்கிரமிப்பு' என்று முத்திரை குத்தியும் அப்புறப்படுத்தப்பட்ட மக்கள். பெரும்பாலோர் தலித்துகள். நகரத்தின் கழிவுநீர் ஓடும் ஆற்றங்கரையிலிருந்து தூக்கி, நகரத்தின் கழிவும் வெள்ளமும் வந்து சேரும் தாழ்நிலத்தில் வைத்தார்கள்.

மானுடவியலாளர் ஜோயல் லீ 2017இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை லக்னோ நகரத்தைப் பற்றியது. தலித் குடியிருப்புகளின் பக்கத்தில் குப்பைத்தொட்டியையும் சாக்கடையையும் கொண்டுபோய் வைப்பதன் மூலம், சாதி இடத்திலும் மூக்கிலும் எப்படி எழுதப்படுகிறது என்று அதில் காட்டுகிறார். தாம்பரத்துக்கும் இது அப்படியே பொருந்தும். முதலில் நாற்றத்தைக் கொண்டுவந்து மக்களின் பக்கத்தில் கொட்டுகிறார்கள். பிறகு அந்த நாற்றம் மக்களுடையது என்கிறார்கள். பிறகு கண்ணகி நகர் முகவரியைச் சொன்னால் வேலை கிடைப்பதில்லை என்று அங்குள்ள பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சொல்லும் நிலை வருகிறது. ஆறாம் வகுப்பில் எனக்கு நடந்தது இங்கே ஒரு நகரத்துக்கே நடக்கிறது.

'பழகிப் போச்சு'

"அங்க இருக்கிறவங்களுக்குப் பழகியிருக்கும்" என்று மிகச் சாதாரணமாகச் சொல்வார்கள். இந்த வாக்கியத்தில் எவ்வளவு கொடூரம் இருக்கிறது என்று பாருங்கள்.

ஒரே வாடையைத் தொடர்ந்து சுவாசித்தால் மூக்கு அதைச் சொல்வதை நிறுத்திவிடும். உண்மைதான். அதனால்தான் ஆய்வகத்தில் முகர்பவர்களுக்கு நடுநடுவே சுத்தமான காற்றும் ஓய்வும் கொடுக்கிறார்கள். மூக்கு களைத்தால் அளவு பிழையாகும் என்று அங்கே தெரிந்திருக்கிறது. ஆனால் பெரும்பாக்கத்தில் மூக்கு களைத்துப் போனால் அதற்குப் பெயர் சம்மதம்.

மூக்கு களைப்பது சில இடங்களில் உயிரைக் குடிக்கும். அழுகிய முட்டை வாடைக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு, நூறு கோடிப் பங்கு காற்றில் சில பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆனால் பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை எட்டும்போது, மோப்ப நரம்பையே அது செயலிழக்கச் செய்துவிடும். வாடை சட்டென்று மறைந்துபோகும். உள்ளே இருப்பவர் காற்று சரியாகிவிட்டது என்று நினைப்பார். செறிவு இன்னும் ஏறினால் சில மூச்சுகளில் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். நம் மலக்குழி மரணங்களில் ஒருவர் பின் ஒருவராக இரண்டு பேர், மூன்று பேர், ஒரே குடும்பத்தில் அப்பாவும் பிள்ளைகளும் செத்துப்போவது இப்படித்தான்.

மலக்குழிக்குள் ஆளை இறக்கக் கூடாது என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 2014இல் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. 1993 முதலான மரணங்களை நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு அடுக்கியபோது, முதலிடத்தில் இருந்த மாநிலம் நம் சமூகநீதித் தமிழ்நாடு. இன்றும் ஓ.எம்.ஆர். அடுக்குமாடியிலோ தாம்பரத்தின் ஏதோவொரு தெருவிலோ கழிவுநீர்த் தொட்டி நிரம்பினால், மூடியைத் திறந்து வைத்து, தீக்குச்சி கிழித்துப் பார்த்து, எட்டி மோந்து பார்த்துவிட்டு ஒரு மனிதரை இறக்குகிறார்கள். வாயுவைக் கண்டுபிடிக்கும் கருவி சட்டைப்பையில் அடங்கும். அதை வாங்கமாட்டார்கள். யாருடைய மூக்கை எந்தச் சங்கடமும் அண்டவிடாமல் இந்தச் சமூகம் காக்கிறது, யாருடைய மூக்கை ஓசிக் கருவியாக்கிச் சாகவிடுகிறது என்பது இதற்கு மேல் விளக்க வேண்டிய விஷயமில்லை.

எண்ணை வைத்து என்ன செய்வது?

இரண்டு எதிர்ப்புகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலாவது: "வாயுவை அளக்கும் கருவி இருக்கும்போது மூக்கு எதற்கு?" மலக்குழிக்குக் கருவிதான் வேண்டும், மூக்கு வேண்டவே வேண்டாம். ஆனால் குப்பைமேட்டு நாற்றம் ஒரு வாயு இல்லை, ஏராளமான வாயுக்களின் கலவை. ஒவ்வொன்றும் கருவியின் வரம்புக்குக் கீழே இருந்தாலும், எல்லாம் சேர்ந்து ஒரு குழந்தையைச் சாப்பிடவிடாமல் செய்யும். 2009ஆம் ஆண்டுத் தேசியக் காற்றுத்தர அளவுகளில் 12 மாசுகள் இருக்கின்றன. அம்மோனியா அதில் உண்டு. ஹைட்ரஜன் சல்பைடு இல்லை. நாற்ற அலகும் இல்லை. 12 எண்களும் சரியாக இருக்கிற ஒரு நாளில் கண்ணகி நகரில் ஜன்னலைத் திறக்க முடியாமல் போகலாம். 'மின்னணு மூக்கு' என்று விற்கிற கருவிகளுக்கும் முதலில் மனிதக் குழுதான் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் நியாயமானது. ஒரு தோழர் கேட்டார்: "எண் கிடைத்தால் அதை யார் பயன்படுத்துவார்கள்? ஓ.எம்.ஆர். அடுக்குமாடிச் சங்கம் வழக்கறிஞர் வைத்து வழக்குப் போடும். குப்பை பெருங்குடியிலிருந்து கிளம்பி இன்னொரு சேரிக்குப் பக்கத்தில் போய் இறங்கும். அவ்வளவுதானே?" நடக்கக்கூடியதுதான். தாம்பரத்துக் குப்பை வேங்கடமங்கலத்துக்குப் போனதும் அப்படித்தான். அதனால்தான் எண்ணை அடுக்குமாடிச் சங்கங்களிடம் விட்டுவிடக் கூடாது என்கிறேன். குப்பை கிளம்பும் இடத்தில் மட்டும் அளந்தால் அது அவர்களின் ஆயுதம். குப்பை போய்ச் சேரும் ஊரிலும், போகும் வழியிலும், ஒவ்வொரு வார்டிலும் அளந்தால் அது நம் ஆயுதம்.

குப்பைமேடு ஏன் நாறுகிறது? சோறும் காய்கறியும் இறைச்சிக் கழிவும் பிளாஸ்டிக்கோடு கலந்து, காற்றில்லாமல் மேட்டுக்கடியில் அழுகுவதால். வீட்டிலேயே மக்கும் குப்பையையும் மக்காததையும் பிரித்துக் கொடு என்று 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளே சொன்னன. பிரித்துக் கொடுக்காத வீடுகளில் சைவ வீடுகளும் உண்டு. 'ஸ்மெல் ஒத்துக்காத' வீடுகளும் உண்டு. நேற்றைய சாம்பார் சோற்றையும் குழந்தையின் டயப்பரையும் ஒரே பையில் முடிச்சுப் போட்டு வாசலில் வைக்கிறார்கள். அதைத் தூய்மைப் பணியாளர் ஒருவர் கையால் பிரிக்கிறார். மாலையில் அவர் பேருந்தில் ஏறினால் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போகிறார். அந்த நாற்றம் அவருடையதா, முடிச்சுப் போட்டவருடையதா?

கேட்க வேண்டியதைக் கேட்போம்

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாற்ற மாசு பற்றி 2008லேயே ஒரு வழிகாட்டு ஆவணம் வெளியிட்டது. குப்பைக்கிடங்கு நாற்றம் பற்றி 2017இல் இன்னொன்று. மூக்குக் குழுவை வைத்து அளக்கும் முறை அவர்களுக்குத் தெரியாததில்லை. ஆவணம் இருக்கிறது, மீறினால் தண்டனை தரும் வரம்பு இல்லை. ஜெர்மனியில் வரம்பு இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் ஆறு நிமிடம் நாற்றம் தெரிந்தாலே அது நாற்ற மணி நேரம். குடியிருப்புப் பகுதியில் ஆண்டின் மொத்த நேரத்தில் 10 சதவீதத்துக்கு மேல் அப்படி இருக்கக் கூடாது. அந்தக் கணக்கைப் பெரும்பாக்கத்துக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

தமிழ்நாடு அரசிடம் நாம் கேட்க வேண்டியவை இவை. ஒன்று, குடியிருப்புப் பகுதிகளுக்கு நாற்ற வரம்பு; குப்பைமேடு, தோல் பட்டறை, கழிவுநீர் நிலையம் எல்லாவற்றுக்கும் அது பொருந்த வேண்டும். இரண்டு, அரசின் செலவில் நாற்ற அளவீட்டு ஆய்வகம், சம்பளம் பெறும் முகர்வோர் குழு. பியூட்டனால் தேர்வில் தேறும் யாரும் அதில் உட்காரலாம். தோல் பட்டறைத் தொழிலாளியின் மகளும் தூய்மைப் பணியாளரின் மகனும் அதில் உட்கார வேண்டும். மூன்று, கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம், பம்மல், வேங்கடமங்கலம் உட்பட எல்லா இடங்களின் எண்களும் பொதுவெளியில் வர வேண்டும். நான்கு, மலக்குழிக்குள் மனிதரை இறக்கியவர் வீட்டு உரிமையாளரானாலும் அதிகாரியானாலும் சிறைக்குப் போக வேண்டும். ஐந்து, உணவைக் காட்டி வீடு மறுப்பது சாதிப் பாகுபாடு என்று சட்டத்தில் எழுத வேண்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பெரும்பாக்கத்திலோ பம்மலிலோ பத்து இளைஞர்கள் சேர்ந்தால் நாளையே தொடங்கலாம். ஆளுக்கொரு நோட்டு. தேதி, நேரம், காற்று எந்தத் திசை, எதைப் போன்ற வாடை, காட்டம் எவ்வளவு. காட்டத்துக்கு 0 முதல் 6 வரை எண் போடுங்கள். 0 என்றால் தெரியவில்லை, 6 என்றால் தாங்க முடியவில்லை. சதுப்பு நிலத்தைச் சுற்றி இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பகலில் கடற்காற்று நாற்றத்தை மேற்கே தள்ளும்; இரவில் காற்று அடங்கும்போது அது தரையோடு தேங்கும். அதிகாரி காலை பதினொரு மணிக்கு வந்துபோவதில் ஒன்றும் தெரியாது. ஒருவர் மற்றவரின் நோட்டைப் பார்த்து எழுதக் கூடாது. நாற்றம் இல்லாத நாளில் இல்லை என்றே எழுதுங்கள். மூன்று மாதம் எழுதிய பத்து நோட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் வார்டு உறுப்பினருக்கும் மனு கொடுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: எங்கள் தெருவின் நாற்றம் எத்தனை அலகு, எந்தத் தேதியில் அளந்தீர்கள், எத்தனை பேர் முகர்ந்தார்கள்?